எறும்புக்கு எழுதிய சீட்டு

ஒரு பம்ப்செட் கொட்டகையில் ஒரு மோட்டார் இருந்தது. தன் உடம்புக்கு நடப்பதையெல்லாம் அது ஒரு காகிதச் சுருளில் பொடிப்பொடியாக எழுதிக்கொண்டே ஓடும். அதைப் படித்துக் காட்ட ஒரு பூதக்கண்ணாடி. அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. இழுத்துப் போய் வைத்துப் படிப்பதற்கு எறும்புகள்தான் வரும். அவையும் யார் சொன்னாலும் கேட்காது. சீட்டில் எழுதியிருப்பதை மட்டும்தான் செய்யும்.

அந்தச் சீட்டை எழுதுவது கொட்டகையில் கிடந்த ஒரு பென்சில். "சுருளைப் படித்து ஆவன செய்யவும்." அது எழுதிய சீட்டு அவ்வளவுதான்.

அன்றைக்கு மோட்டார் கத்தியது. "உடம்பு கொதிக்குதே! என்னன்னு பாருங்கப்பா!"

எறும்புகள் ஓடிவந்து, பூதக்கண்ணாடியைச் சுருளின் முதல் வரியில் கொண்டுபோய் வைத்தன. அது போன வருஷத்து வரி.

"இதுங்களுக்கு மூளையே கிடையாது" என்று பென்சில் சிரித்தது.

"சிரிக்காதே தம்பி. கடைசி வரியிலருந்து மேல பத்து வரி படி, சூடுன்னு இருந்தா சுவிட்சை இறக்கு, இல்லேன்னா திரும்பிப் போ. இப்படி எழுது" என்றது பூதக்கண்ணாடி.

"இதையெல்லாமா எழுதுவாங்க? தெரியாதா?"

"உனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் வந்த எறும்புக்கு?"

மோட்டாரிலிருந்து புகை கிளம்பியது. பென்சில் தேயத் தேய எழுதியது. எறும்புகள் கடைசிக்குப் பாய்ந்தன. மூன்றாம் வரியிலேயே "சூடு". நூறு எறும்புகள் சுவிட்சில் தொங்கின. மோட்டார் நின்றது, பிழைத்தது.

மறுநாள் வந்தவை வேறு எறும்புகள். சீட்டைப் பார்த்தன, நேரே கடைசி வரிக்குப் போயின, பத்து வரி படித்தன, சூடு இல்லை, திரும்பி நடந்தன.

பாதியாய்த் தேய்ந்த பென்சில் நெஞ்சை நிமிர்த்தியது. "எழுதுனது யாருன்னு கேளுங்க!"

மோட்டார் அதையும் சுருளில் எழுதிக்கொண்டது.