பேட்டரி நிற்காத லேப்டாப்

"விலை கம்மின்னு வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும். பேட்டரி அரை மணி நேரம்கூட நிக்கல. என் ரூம்ல பிளக் பாயின்ட்டும் போச்சு" என்று புலம்பிக்கொண்டே, புது லேப்டாப்போடு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தான் அஸ்வின்.

நிச்சயித்த கல்யாணம் நின்றதிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டே வேலை பார்த்த பையன், இந்த வாரம் முழுக்க ஹாலில்தான். நேற்று அம்மா பார்க்கும் சீரியலைக் கிண்டல்கூடச் செய்தான்.

அப்பா லட்சுமணன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "வனஜா, நூம்பல்ல இருக்காரே, அந்த எலக்ட்ரீஷியனை வரச் சொல்லட்டுமா? பாவம், பையன் தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அலையுறான்."

"ஒண்ணும் வேணாம்ங்க." வனஜா குரலைத் தாழ்த்தினாள். "பேட்டரி நிக்கலைன்னு தெரிஞ்சதும், இவன் முடிவெட்டப் போன நேரமாப் பார்த்து, நான் சொல்லி ஒயரைக் கழட்டிவிட்டதே அந்த எலக்ட்ரீஷியன்தான்!"