மூன்றாம் வரியில் பிழை

அந்தப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு வந்த நாள் முதல் ராஜ மரியாதைதான். அது இருக்கும் அறைக்குள் நுழைய வாத்தியாரே செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்குத் திரையில் சந்தனம், குங்குமம். மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் புழுக்கம். தொட்டுப் பார்க்க மட்டும் ஒரு பிள்ளைக்கும் அனுமதி இல்லை.

"கோடிங் பாடம் நடக்கிறதே, என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று எதிரே இருந்த கரும்பலகையைக் கம்ப்யூட்டர் கேட்டது.

"நீ எதற்கு? சார் என்மேல் எழுதுகிறார், பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். போன பரீட்சையில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு!"

கம்ப்யூட்டர் உறை வழியே எட்டிப் பார்த்தது. மூன்றாம் வரி தப்பு. 'ஐயோ, இது ஓடாதே!' என்று சாருக்குக் கேட்கும்படி கத்தத் தோன்றியது. கரண்டே கொடுக்காமல் எப்படிக் கத்துவது?

ஒருநாள் அதிகாரி வந்தார். உறையைக் கழற்றி சுவிட்சைப் போட்டார்கள். முதல் மாணவி செண்பகவல்லி மனப்பாடம் செய்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டினாள்.

கம்ப்யூட்டர் ஆசையாக வாய் திறந்தது: "மூன்றாம் வரியில் பிழை."

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "மெஷின் ரிப்பேர் சார்."

"அப்படித்தான் இருக்கும். பாப்பா சரியாகத்தானே அடித்தாள்!" என்றார் அதிகாரி.

சாயங்காலமே உறை திரும்ப ஏறியது. அதன்மேல் 'பழுது' என்று ஒரு சீட்டையும் ஒட்டினார்கள்.

"பைத்தியமே," என்றது கரும்பலகை. "இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையாவது 'தப்பு' என்று வாய் திறந்திருக்கிறேனா? அதனால்தான் பாடம் நடத்த என்னை வைத்திருக்கிறார்கள்."