காப்புக் கட்டிய கை

மூன்றாவது முறையாகப் பூசாரி பாண்டுரங்கன் நாணைப் பிடித்து இழுத்தார்.

வில் வளையவில்லை. அவர் முதுகுதான் வளைந்தது.

விஜயதசமி சாயங்காலம். வல்லம் வடகால் அம்மன் கோயிலுக்கு எதிர் காலிமனையில் ஊரே நின்றது. செகண்ட் ஷிப்டுக்காரர்கள்கூட கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு யூனிஃபாரத்தோடு நின்றார்கள்.

சப்பரத்தில் அம்மன். இருபதடி தள்ளி, அசுரன் என்று பேர் வைத்து நட்ட வாழை மரம். அம்பு அதில் குத்தி நின்றால்தான் அம்மன் கோயிலுக்குத் திரும்புவாள்.

போன வருஷம் மூங்கில் குச்சியும் சணல் கயிறுமாய் ஒரு வில். அம்பு பூசாரியின் கால் கட்டைவிரல் பக்கத்திலேயே விழுந்தது. கடைசியில் யாரோ அதைக் கையில் எடுத்துப்போய் வாழையில் செருகிவிட்டு வந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்துப் பென்னலூர் வரைக்கும் சிரித்தார்கள்.

அப்போது வாயைக் கொடுத்தவன் பகலவன். அடுத்த வருஷம் வில் என்னுடையது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டான்.

லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் அவன் குவாலிட்டி செக்கிங். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளமே. வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டியின் கட்டையை ஸ்கிராப்பில் கேட்டு வாங்கி, மூன்று மாதம் மொட்டை மாடியில் உட்கார்ந்து சீவினான்.

வில்லின் நடுவைச் சுவரில் மாட்டுவான். நாணைக் கீழே இழுத்துப் பிடித்து, எட்ட நின்று பார்ப்பான். எந்தப் பக்கம் விறைப்பாய் நிற்கிறதோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவான். மறுபடி மாட்டுவான். மறுபடி இழுப்பான்.

சுரண்டிய தூள் எல்லாம் அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி மீனம்மாள் மாடியில் காயவைத்த வற்றல் மேல்.

“இன்னாடா பகலு, நீ வில்லு முடிக்கறதுக்குள்ள உன் கல்யாண வயசே முடிஞ்சிடும் போலகீதே!”

அவள் வாய்க்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. மிக்ஸி கெட்டுப்போய் அம்மியில் அரைத்ததில் விரல் மூன்றும் கொப்புளம் என்று, பிளாஸ்திரி போட்ட கையைத் தெருவுக்கே காட்டிக்கொண்டு திரிந்தவள்.

பகலவனுக்கு இருந்தது ஒரே கவலை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, இழுக்க எத்தனை கிலோ ஆகிறது என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பான். பத்தொன்பது. ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் பதினெட்டரை. சுரண்டவே இல்லை! அடுத்த வாரம் பதினேழு.

மரம் சோர்ந்துபோகிறதே என்று மீனம்மாளிடம் போய்ப் புலம்பினான். புரட்டாசி ஈரத்தில் மனுஷனே சோர்ந்துபோகிறான், கட்டைக்கு என்ன என்றாள் அவள்.

வேடிக்கை என்னவென்றால், அவன் சுரண்டியதைவிட அந்த ஈரம் நன்றாக வேலை செய்தது. இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஒன்றுபோல இறங்கின. பதினாறு கிலோவில் வில் நின்றது. அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எல்லாம் சரிபார்த்தவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். இழுக்கப்போவது யார்?

பூசாரிக்கு அறுபத்தேழு வயது. ஒன்பது நாளாய்ப் பாலும் பழமும்.

“ஏம்ப்பா, இத்த இன்னாத்துல செஞ்ச? தண்டவாளத்துலயா?” என்றார் பூசாரி மூச்சு வாங்க.

கூட்டம் சிரித்தது. செல்போன்கள் உயர்ந்தன. பகலவனுக்குக் காது சுட்டது. இந்த வருஷ வீடியோ ஓரகடம் தாண்டும்.

ஜிம்முக்குப் போகிற எழிலரசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். பூசாரி தடுத்துவிட்டார். பூசை போட்ட வில்லைக் காப்புக் கட்டிய கைதான் தொடலாம்.

காப்புக் கட்டினால் ஒன்பது நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இந்த ஊரில் எல்லையைத் தாண்டாமல் யாருக்குச் சம்பளம்? அதனால் இந்த வருஷம் காப்பு இரண்டே கையில்தான். ஒன்று பூசாரியுடையது.

இன்னொரு கை, பெண்கள் பக்கத்தில் யாருடைய புடவையோ புதுசா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நானா? எனக்கு இன்னா தெரியும்?” என்றாள் மீனம்மாள். சொல்லும்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அம்மனும் பொம்பளதானே? வா,” என்றார் பூசாரி.

வந்தாள். பூசாரியைப்போல நேராக நிற்கவில்லை. பக்கவாட்டில் நின்று இடது காலை வாழைப் பக்கம் வைத்தாள். மூன்று விரல் நாணில் மடங்கியது.

வில் வளைந்தது. மேலும் கீழும், பால்குடத்தின் வயிறு மாதிரி. அந்த அவசரத்திலும் பகலவன் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டான். ஓகே.

டப்.

அம்பு வாழையில் பாதி இறங்கி ஆடியது. பம்பை முழங்கியது. விசில் பறந்தது. சப்பரம் தோளேறியது. மீனம்மாள் மேல் அம்மனே இறங்கிவிட்டாள் என்றது கூட்டம். அவளும் கண்ணைச் செருகி அதை ஒப்புக்கொண்டாள்.

பகலவன் ஓடிப்போய் இரு கையாலும் வில்லை வாங்கினான். அப்போதுதான் அந்தப் பிளாஸ்திரிகளைக் கிட்டத்தில் பார்த்தான். மூன்று விரலிலும் குறுக்கே, ஒரே கோடாக, பல நாளாய் நாண் அழுந்திக் கறுத்த தடம்.

மொட்டை மாடிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. அன்று காலைகூட அவன் விழித்தது அவள் வீட்டு மிக்ஸி சத்தத்தில்.

“யக்கா…” என்று ஆரம்பித்தான்.

செருகிய கண்ணில் ஒன்றை மட்டும் திறந்தாள் மீனம்மாள்.

“வாய மூடு. கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் விறைப்பா கீது. நாளைக்கு ரெண்டு சுரண்டு சுரண்டி வையி.”