ஒன்பதரை மார்க்

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாம்பு உட்கார்ந்திருந்தான். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்த சின்ன அறை. அவன் தலையில், வெளியே நின்ற கூட்டாளி மொட்டை இதுவரை பார்த்திராத ஒரு ஹெட்போன்.

எதிரே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பாம்பு எப்போதாவது கையைத் தூக்கினான். உடனே அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

கதவுக்கு மேலே பலகை இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை. மொட்டையின் மூக்குக்கண்ணாடி, காது ஒடிந்து, அதே மாடியில் கடைசிக் கடையில் திருகாணிக்குக் காத்திருந்தது. எழுத்து மங்கலாம், பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் ஆளின் முதுகு மங்கலாகிவிடுமா?

மொட்டைக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மறைக்க முடி இல்லாததால் வராந்தாவில் போனவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இருவரும் சேர்ந்து ஒரு சேனல் நடத்துகிறார்கள். விலை உயர்ந்த ஹெட்போன்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவதுதான் வேலை. ஒலிக்கு மார்க் பாம்பு போடுவான். ஊசி விழுந்தால் எந்தப் பட்டறை ஊசி என்று சொல்கிற காது என்பதால் வந்த பட்டப்பெயர் அது.

சுகத்துக்கு மார்க் மொட்டையினுடையது. அழுத்துகிறதா, வேர்க்கிறதா, கழுத்து இழுக்கிறதா என்று பார்க்க, மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டபடி மாட்டியிருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் பாம்பு எதிர் நாற்காலியில் துணைக்கு உட்கார்ந்திருப்பான். போனைக்கூடத் தொட மாட்டான். இப்படியொரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று மொட்டை வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அவர்களுக்குள் ஒரே சட்டம்: ஒருவனை விட்டு ஒருவன் எந்தக் கம்பெனிப் படியும் மிதிக்கக் கூடாது.

'சமீப காலமா பாம்பு அண்ணன் மார்க் இன்னும் துல்லியம். மொட்டை அண்ணன் வர்ற இடத்தை மட்டும் தள்ளிவிட்டுடுவேன்' என்று ஒரு நேயர் எழுதியபோதுகூட மொட்டை சிரித்துக்கொண்டான். போன வாரம் மரக்கூடு ஹெட்போனுக்குப் பாம்பு ஒன்பதரை போட்டபோதும் மூச்சு விடவில்லை. தலையில் செங்கல்லை ஏற்றியதுபோல் கனம். மொட்டை சுகத்துக்கு நாலுதான் போட்டான். பாட்டில் கண் கலங்கியது நிஜம்தான், ஆனால் அது அவன் இலாகா இல்லையே.

கண்ணாடியை வாங்கிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனான். ஸ்டுடியோ என்றால் பாம்பு வீட்டுப் பின்னறை. அரை மணி கழித்துப் பாம்பு வந்தான்.

"எங்கடா போயிருந்த?"

பாம்பு கேமராவைத் துடைக்க ஆரம்பித்தான். இரண்டாம் முறை கேட்டபோதுதான் திரும்பினான். அந்த முழியே சரியில்லை என்று மொட்டை முடிவு கட்டினான்.

"பேங்க்குக்கு."

"பேங்க்ல இப்பல்லாம் ஹெட்போன் மாட்டிவிடுறாங்களா?"

பாம்பின் கையில் இருந்த துணி நின்றது. "நீ... பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன். நீ கையத் தூக்குறதும், அந்தாளு குறிச்சிக்கிறதும். எந்தக் கம்பெனிடா? மரக்கூடுக்காரனா? அதான் ஒன்பதரையா?"

"மொட்ட, கொஞ்சம் உக்காரு."

"உக்காந்து உக்காந்துதான்டா இப்படி ஆனேன்! பன்னெண்டு வருஷம் உன்னை நம்பித் தலையக் குடுத்தேன். சும்மா சொல்லல, நிஜத் தலை! கழுத்தெலும்பு தேஞ்சதுக்கு நல்ல மரியாதை பண்ணிட்ட." சொல்லும்போதே தன் மைக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றிப் பையில் திணித்தான். "இன்னியோட சரி. சேனலை நீயே வெச்சுக் குடும்பம் நடத்து."

பாம்பு சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான். கட்டம் போட்ட தாள். இடதுக்கு ஒரு கோடு, வலதுக்கு ஒரு கோடு.

மொட்டை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். இந்த மாதிரி கிராஃபை அவன் தூக்கத்திலும் படிப்பான்.

"இதான் அந்த ரகசிய மாடலா? தூ! பேஸ் ஏதோ இருக்கு. ட்ரெபிள் மாடிப்படியில உருண்ட மாதிரி விழுது. வலது பக்கம் செத்தே போச்சு. இந்தக் குப்பைக்காடா என்னை வித்த?"

"அது ஹெட்போன் கிராஃப் இல்லடா."

"பின்ன?"

"என் காது."

தாளின் மேல் விளிம்பில் ஒரு காது மருத்துவமனையின் பெயர் இருந்தது. மொட்டை அதை இரண்டு தடவை படித்தான்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வருஷமாச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு."

அஞ்சு வருஷம். இதற்கு அவன் கம்பெனிக்காரனிடமே விலை போயிருக்கலாம். மொட்டை திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஒரே அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, தன்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், அஞ்சு வருஷம்!

"உன்னை நம்பி எத்தனை பேர் வாங்கினாங்க!" மொட்டை தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினான். "என்னையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு வாய்க்கு வந்த நம்பரையா போட்ட?"

"சத்தியமா இல்லடா. ஒரு மார்க்காவது தப்புன்னு யாராவது சொன்னாங்களா?"

"கேக்காத காதை வெச்சுக்கிட்டு எப்படிடா போட்ட?"

பாம்பு தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ பாட்டுக் கேக்குறப்ப, உன் மூஞ்சியப் பாத்துப் போட்டேன்டா."