இரண்டாவது குண்டு

கிளேட்டன் சுட்ட மான் சாகவில்லை.

குண்டு இடுப்பெலும்பில் பாய்ந்திருந்தது. முன்னங்கால்கள் மட்டும் மணலைப் பறித்துக்கொண்டிருந்தன. பின்பாதி, வேறு எதனுடையதோ போல அசையாமல் கிடந்தது.

அறுபது கஜ தூரம். முட்டுக்கோலில் ஊன்றிய துப்பாக்கி. நின்றுகொண்டிருந்த மான். என் மனைவி வெமுனா ஒரு கையில் பால் வாளியோடு சுட்டாலும் இதைவிட நன்றாகச் சுட்டிருப்பாள்.

முடித்துவிடலாம் என்று என் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனேன்.

"வேணாம் கேவ்! இன்னொரு ஓட்டை விழுந்தா தோல் பாழாயிடும். செவுத்துல மாட்டணும்ப்பா. விடு, தானா அடங்கிடும்" என்றான் கிளேட்டன்.

என் பெயர் கவெட்டோ. நீளம் அதிகம் என்று வந்த முதல் நாளே வெட்டிவிட்டான்.

வெளிநாட்டுக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போவது என் தொழில். இந்த ஆளுக்கு ஏழு மாதம் கடிதம் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்தில் சிங்கம் கேட்டான். விலையைச் சொன்னதும் எருமைக்கு இறங்கினான். பிறகு குடு மான். கடைசியில் ஸ்பிரிங்பாக் என்கிற சின்ன மான் ஒன்றில் வந்து நின்றான். என் பண்ணைக் கிடா அதைவிடக் கனம். ஆனால் தான் பிறவி வேட்டைக்காரன் என்று மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் தவறாமல் எழுதினான்.

விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கும் மாதமாகப் பார்த்து வந்தான். ஏன் மலிவு என்று வந்திறங்கி வியர்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மனைவியும் வருவாள், அவள் வேட்டையாட மாட்டாள் என்று எழுதியிருந்தான். மார்லா மென்மையானவள், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், ரத்தம் அவள் கண்ணில் படவே கூடாது.

அதை நான் வாசித்துக் காட்டியபோது வெமுனா தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ரத்தமே பாக்காத பொம்பளையா? மாசாமாசம் அவளுக்கு என்ன வருதாம்?"

சிரித்தாலும் ஏற்பாடு செய்தோம். தோலுரிக்கும் கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி மறைத்தோம். சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியை அந்தப் பக்கம் பார்க்காதபடி திருப்பிப் போட்டோம். பறவை பார்க்க ஒரு நாள், வெமுனாவோடு துணிப்பொம்மை தைக்க ஒரு நாள், பக்கத்து ஊர் கோபாபிஸின் கடைத்தெருவுக்கு ஒரு நாள்.

மூன்றாம் நாள் கடைத்தெரு வேண்டாம் என்றாள். வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று எங்களோடு ஏறிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி, மடியில் தடிப் புத்தகம். வண்டியில் இன்னொரு மூட்டை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மான் தலையைத் தூக்கித் தூக்கி மண்ணில் அடித்தது.

நான் துப்பாக்கியை இறக்கினேன்.

இவன் ஊருக்குப் போய் நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னால் அடுத்த வருஷம் நாலு பேர் வருவார்கள். அதற்காகத்தான். மனதுக்குள் அவனைக் காறித் துப்பிக்கொண்டே, அவன் சொன்னபடி நின்றேன்.

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் படத்தில் கொம்பு பெரிதாகத் தெரியும் என்று என்னிடம் கேட்டான்.

பின்னால் வண்டிக் கதவு திறக்கும் சத்தம்.

மார்லா மணலில் கால் புதையப் புதைய வந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்று மானை மறைத்தேன்.

"பாக்காதீங்க மேடம். வண்டிக்குப் போயிடுங்க."

அவள் என் இடுப்பு உறையிலிருந்து கத்தியை உருவினாள். கட்டைவிரலைக் குறுக்காக வைத்துப் பதம் பார்த்தாள்.

"இதைத் தீட்டுறதே இல்லையா?"

அதற்குள் மானின் அருகில் போய்விட்டாள். தோள்பட்டையில் முழங்காலை ஊன்றினாள். இடது கையால் கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பினாள். கழுத்தில் ஒரே இழுப்பு.

ரத்தம் எந்தப் பக்கம் பாயும் என்று தெரிந்தவளைப் போல முன்கூட்டியே ஒதுங்கியிருந்தாள். சட்டையில் ஒரு துளிகூட இல்லை.

முன்னங்கால்கள் இரண்டு முறை உதைத்து நின்றன.

"கழுத்துத் தோல் போச்சே! மொத்தமும் போச்சே!" என்று கிளேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கத்தியைப் புல்லில் இரண்டு பக்கமும் துடைத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது.

வண்டியருகே வந்து தண்ணீர்க் கேனைச் சாய்த்து அவள் கையில் ஊற்றினேன். முழங்கை வரை, விரல் இடுக்கு வரை, அவசரமில்லாமல் தேய்த்துக் கழுவினாள்.

"ஆஃபீஸ் வேலைன்னு சார் எழுதியிருந்தாரே மேடம்" என்றேன்.

"அவனுக்கு வெளியில சொல்ல வெக்கம். மாட்டிறைச்சி ஃபேக்டரி. கழுத்தறுக்குற வரிசையில பத்தொம்பது வருஷமா நிக்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றி முகத்திலும் ஒரு கை தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

"வருஷத்துக்கு ஒரு வாரம்தான் லீவு. இந்த ஒரு வாரமாவது கத்தியத் தொடக் கூடாதுன்னு இருந்தேன்."