நீலத் துணுக்குகள்

கனடாவின் தண்டர் பே ஊர்ப் பனித்தளத்தில், கோல் வலைக்கு முன்னால் நோரீன் நிற்கிறாள். இருபது வருடமாகத் துண்டு வேடங்களில் பிழைத்தவள். இந்தப் பனி ஹாக்கிப் படத்தில்தான் முதல்முறையாகப் பெரிய வேடம், கோல்கீப்பர். கடைசி ஆட்டத்தில் அவளுடைய அணி தோற்கும் என்று இயக்குநர் கார்த் சத்தியம் செய்ததால் ஒப்புக்கொண்டாள். முகக்கவசத்துக்குள் மூச்சு வெள்ளையாகச் சுழல்கிறது. கண் கூரையிலேயே இருக்கிறது. அங்கே ஏணியில் நின்று ஒருவன் ஜெயிக்கும் அணிமேல் கொட்டும் கொண்டாட்டக் காகிதத் துணுக்குகளைக் குழாயில் நிரப்புகிறான். எதிரணிச் சட்டை சிவப்பு. அவன் அள்ளிப் போடுவதோ நீலம், அவளுடைய அணியின் நீலம்.

"தோக்குறவளுக்கு எதுக்குய்யா நீலக் காகிதம்?" என்று கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் கார்த்திடம் கேட்கிறாள்.

"அட, சும்மா இருக்கட்டும் நோரீன். ஒரே ஒரு தடவ தடுத்துடேன், எடுத்து வச்சுக்கலாம்."

"எல்லா விளையாட்டுப் படமும் இப்படித்தான் கடைசியில ஜெயிச்சு நாசமாப் போச்சு. தோத்தவ மறுநாள் வேலைக்குப் போறத எவனாவது எடுத்திருக்கானா?"

கார்த் சிரிக்கிறான். பல் மட்டும்தான் சிரிக்கிறது. தடுத்தால் அதைத்தான் படத்தில் வைப்பான்.

"ஆக்‌ஷன்!"

சிவப்புச் சட்டைக்காரி மட்டையால் ரப்பர் வட்டை அடிக்கிறாள். அது கையுறையைத் தேடி வருவதுபோல் மெதுவாக வருகிறது. நோரீன் கையை ஒரு சாண் விலக்குகிறாள். வட்டு வலைக்குள் விழுகிறது. ஆனாலும், முன்பே சொல்லிவைத்தபடி, இருக்கைகளில் இருக்கும் துணை நடிகர் கூட்டம் எழுந்து ஆரவாரிக்கிறது. கூரையிலிருந்து நீலத் துணுக்குகள் அவள் தலையில் கொட்டுகின்றன.