நேர்ல வரணும்

"பொண்டாட்டிய நேர்ல கூட்டிட்டு வா. இல்லன்னா இன்சூரன்ஸ்ல இருந்து அவ பேரை எடுத்துடுவேன்."

ஆபீஸில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கிற அக்கா, எல்லாரும் வைத்த பேர் ரூல்ஸ் அக்கா, இதை மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனி முழுக்கக் கேட்டது.

அட்டைக்கட்டு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறவனுக்குத் தலை தொங்கிவிட்டது.

"போன வருஷம் இப்படி இல்லையேக்கா?"

"போன வருஷம் வேற, இந்த வருஷம் வேற. வருஷா வருஷம் மாறும்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேனே, மண்டையில ஏறுதா?"

சொல்வது நிஜம்தான். மருத்துவ இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கேன்டீனில் மீட்டிங் போட்டு விளக்குவாள். ரூம் வாடகைக்கு எவ்வளவு வரைக்கும் தருவார்கள், அம்மா அப்பாவை எந்த வயசு வரைக்கும் சேர்க்கலாம், எந்த ஆஸ்பத்திரி புதுசா வந்திருக்கிறது, எது போய்விட்டது. எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஒருத்தனுக்கும் ஒரு மண்ணும் புரிந்திருக்காது.

வரிசையில் நின்ற மீசை சிரித்தான். "அவ இவனை விட்டுட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு! இவன் இன்னும் அவ பேரைக் கட்டிக்கிட்டு அழறான். பேசாம எடுத்துடுங்கக்கா."

"நீ வாயை மூடு," என்றாள் அக்கா. பிறகு இவனிடம், "வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஈவு இரக்கமே இல்லாத ஜென்மம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

இப்போதைக்கு அவன் பேரும் அவள் பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அந்த இன்சூரன்ஸில் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால்?

அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது இவன் டபுள் ஷிப்ட். "கார்டைக் காட்டு, எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டான். பார்த்துக்கொண்டார்கள்தான். ஆனால் அவள் கண் முழித்தபோது பக்கத்தில் யாருமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேரே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"கார்டு வந்துச்சு, நீ வரல." கடைசியாகப் பேசியது அதுதான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு போனை எடுத்தான். அந்த நம்பரை எத்தனையோ தடவை எடுத்து, அழுத்தாமல் விட்டிருக்கிறான். இன்றைக்கு ரூல் இருக்கிறது. தைரியமாக அழுத்தலாம்.

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"இன்சூரன்ஸ் விஷயமா... நீ நேர்ல வரணுமாம். புது ரூல்."



எப்படி இருக்கே என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. "வெள்ளிக்கிழமை" என்றுதான் வெளியே வந்தது.

"பாக்கலாம்." வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கேட்டையே பார்த்துப் பார்த்து ஓட்டி, ஒரு அடுக்கு அட்டையைக் கவிழ்த்துத் திட்டும் வாங்கினான்.

மத்தியானம் வந்தாள். இளைத்திருந்தாள். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் அவள் கைப்பை.

அந்த நேரம் பார்த்து மீசை உள்ளே வந்தான்.

"அக்கா, என் வீட்டுக்காரிக்கு லீவே கிடைக்கல. அவளும் நேர்ல வந்தே ஆகணுமா?"

"அவ எதுக்கு?"

"புது ரூல்னு சொன்னீங்களே?"

"அப்படி எந்த ரூலும் இல்ல. இந்த வருஷம் புதுசா பல் வைத்தியம் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். கேன்டீன்ல அதைத்தானே தொண்டை கிழியக் கத்தினேன்? போ, வேலையப் பாரு."

அக்கா பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. அடுக்கி வைத்திருந்த காகிதங்களையே மறுபடியும் அடுக்கினாள்.

இவன் அவசரமாக அவள் பக்கம் திரும்பினான்.

"சத்தியமா எனக்குத் தெரியாது. பொய் சொல்லி வரவழைச்சேன்னு நினைச்சுக்காதே. நீ... கிளம்பணும்னா கிளம்பு."

அவள் நடுவில் இருந்த கைப்பையை எடுத்தாள். இவன் கேட்டைப் பார்த்தான்.

பையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இவன் பக்கமாக.

"ரூல் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உன் போனை வச்ச கையோட அக்காவுக்குத்தான் போட்டுக் கேட்டேன்."